கோயில் வீட்டுப் பலகை: போன காசுக்கும் வந்த பலகைக்கும் கணக்கு

 

கோயில் வீட்டு வேலை பத்தி ரெண்டு மாசமா நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. "2021லதானே வசூல் பண்ணீங்க, மறுபடியும் எதுக்கு வசூல்?"னு சிலர் நேராவே கேட்டாங்க. கேட்டது நியாயம். வாட்சப்புல ரெண்டு வரியில் பதில் போட்டா சரியா வராதுன்னு இங்கே முழுசா எழுதுறோம். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

முதல்லயே சொல்லிடுறோம். 2021ல நீங்க கொடுத்த 3,400 வெள்ளியில் பெரும்பகுதியை நாங்க வீணடிச்சிட்டோம். யாரும் ஏமாத்தி எடுத்துக்கிட்டுப் போகல. தெரியாம செஞ்சோம். ஆனா காசு உங்க காசு, அதனால என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

வெளியூர்ல இருக்கிற பிள்ளைகளுக்காக வீட்டைப் பத்தி நாலு வரி. கோயிலுக்கு இடது பக்கம், தேயிலைக் காட்டுக்கு இறங்குற படிக்கு மேலே இருக்கிற பலகை வீடு அது. கேமரன் மலைக்கு அந்தப் பேரைக் கொடுத்த வில்லியம் கேமரன் 1885ல வந்து அளந்தார், 1929ல முதல் பெரிய தேயிலைத் தோட்டம் தொடங்கிச்சுன்னு பள்ளியில் படிச்சிருப்பீங்க. இந்த வீடு அவ்வளவு பழசு இல்லை. 1950கள்ல கட்டினதுன்னு எங்க அப்பா சொல்வார். அப்போ தோட்டத்து லயமெல்லாம் பலகைதான். பிறகு ஒவ்வொண்ணா கல்வீடு ஆயிடுச்சு. 1990ல தொழிலாளர் வீட்டு வசதிக்குன்னு தனிச் சட்டமே வந்துச்சு, அதுக்கப்புறம் இன்னும் வேகமா மாறிச்சு. நல்லதுதான். பலகை லயத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ராத்திரிக் குளிர் எப்படி இருக்கும்னு தெரியும். கோயில் வீடு மட்டும் யார் கணக்கிலும் வராம அப்படியே நின்னுபோச்சு.

அதில் இருக்கிறது பூசாரியம்மா. பூசாரி ஐயா போய்ப் பதினாறு வருஷம் ஆச்சு. 1962ல கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்குள்ள வந்தவங்க. இன்னைக்கும் காலையில் அம்மனுக்குப் பூ கட்டுறது அவங்க கைதான். மகள் கிள்ளான்ல இருக்காங்க, நல்லா பார்த்துக்குவாங்க, கூப்பிட்டுக்கிட்டும் இருக்காங்க. "அங்க வந்து நான் யாருக்குப் பூ கட்டுறது?"ன்னு இவங்க போகமாட்டேங்குறாங்க.

இப்போ நாங்க செஞ்ச தப்புக்கு வருவோம்.

2021 கடைசியில், எம்சிஓ தளர்ந்த பிறகு, வீட்டோட மழை அடிக்கிற பக்கச் சுவரும் பின்சுவரும் கீழே இத்துப்போச்சுன்னு பார்த்தோம். கைவிரல் வைச்சா உள்ளே போகுது. உடனே வசூல். ஹார்ட்வேர் கடையில் 12 அடி மெராந்திப் பலகை 60 வாங்கினோம், 1,860 வெள்ளி. லோரி 350, பெயிண்ட்டும் ஆணியும் 540, கூலி 650. ரெண்டு ஞாயித்துக்கிழமையில் பழைய பலகை எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு புதுசு அடிச்சோம். பார்க்க அழகா இருந்துச்சு. படம் எடுத்துப் போட்டோம், நீங்களும் நூறு லைக் போட்டீங்க.

பிடுங்கின பழைய பலகையை என்ன செஞ்சோம் தெரியுமா? அடுத்த மாசப் பொங்கலுக்கு அடுப்பெரிக்க வைச்சோம். கொஞ்சம் சாரத்துக்குப் போச்சு. பூசாரியம்மா மட்டும் சத்தம் போட்டாங்க. "கோயில் மரத்த அடுப்புல வைக்காதீங்கடா"ன்னு சொல்லி, கையில் கிடைச்ச 11 பலகையை இழுத்துட்டுப் போய் வீட்டுக்கு அடியில் போட்டு சாக்கு மூடி வைச்சாங்க. வயசானவங்க பேச்சுன்னு நாங்க சிரிச்சோம். அந்தச் சிரிப்பு இப்ப நினைச்சாலும் எங்களுக்கு வெட்கமா இருக்கு.

ரெண்டு வருஷம்கூட தாங்கல. முதல் வெயில் காலத்திலேயே பலகை வளைஞ்சு படகு மாதிரி ஆச்சு. அடுத்து நடுவில் நீளவாட்டில் பிளவு. 2023 நவம்பர் மழையில் பிளவு வழியா தண்ணி உள்ளே வந்து அம்மாவோட படுக்கை நனைஞ்சிடுச்சு. பெயிண்ட் உரிஞ்ச இடத்தில் கறுப்பா பூஞ்சை. அந்த நேரம் பார்த்து நிர்வாகத்திலிருந்து கடிதமும் வந்துச்சு. வீடு பாதுகாப்பா இல்லை, ஏப்ரலுக்குள்ள முறையா சரி செய்யுங்க, இல்லேன்னா இறக்கிடணும். கோபத்தோட எழுதின கடிதம் இல்லை அது. அவங்க இடத்தில் நாங்க இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்போம். ஆனா இறக்கினா அம்மா கிள்ளானுக்குப் போகணும், அவ்வளவுதான்.

அப்போதான் பலகை தேட ஆரம்பிச்சோம். முதல் தடவை நாங்க தேடவே இல்லை, வாங்கினோம்.

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜான்னு மேல இருக்கிற கடை எல்லாம் ஏறி இறங்கினோம். பிறகு தாப்பா பக்கம் இறங்கி, சிம்பாங் பூலாய் வழியா ஈப்போ வரை போய் மரம் அறுக்கிற சாமில்லயும் கேட்டோம். கையில் பழைய பலகைத் துண்டு ஒண்ணு. "இதே மாதிரி வேணும்"னா எல்லா இடத்திலும் அதே பதில், இந்த அளவு இப்போ இல்லை. பழைய பலகை 6 அங்குல அகலம், தடிப்பு முக்கால் அங்குலத்துக்கு மேலே. இப்போ 6 அங்குலம்னு விக்கிறதை இழைச்சு முடிச்சா ஐந்தரைதான் நிக்குது. ஒரு பலகைக்கு அரை அங்குலம் குறைஞ்சா பத்து வரிசையில் 5 அங்குலம் போயிடும். பழைய வரிசையும் புது வரிசையும் மூலையில் ஒண்ணோட ஒண்ணு சேராது.

சாமில்ல இன்னொரு கூத்து. விலையை டன்னில் சொன்னாங்க. பேக்டரியில் முப்பது வருஷமா தேயிலையை டன்னில் பார்க்கிற ஆளுங்க நாங்க. 60 பலகை என்ன எடை வரும்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டா அந்த விலை ஒத்தே வரல. கடைசியில் கணக்கப்பிள்ளை சிரிச்சுக்கிட்டே சொன்னார், மரத்தில் டன்னுன்னா எடை இல்லை, 50 கன அடி. நாங்க 2021ல வாங்கினது மொத்தம் 30 கன அடி, அதாவது முக்கால் டன்கூட இல்லை. எஸ்பிஎம் வரைக்கும் படிச்ச படிப்பில் இது வரல.

இந்த அலைச்சல்ல தாப்பா பக்கம் ஒரு பாக் சிக்கைப் பார்த்தோம். எழுபது தாண்டின மலாய்த் தச்சர். வாழ்நாள் முழுக்க பலகை வீட்டு வேலை செஞ்சவர். துண்டை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார், முனையை நகத்தால் கீறினார், "செங்கால்"னு ஒரே சொல்லு. பிறகு கேட்டார், "மிச்சம் எங்கே?"

அடுப்பில் எரிச்சிட்டோம்னு சொல்ல நாக்கு வரல.

செங்கால் நம்ம நாட்டு மரத்தில் ராஜா. படகு கட்டுவாங்க, பாலம் கட்டுவாங்க. மருந்து ஏத்தாமலே வெயில் மழையில் பல பத்து வருஷம் நிக்கும். நாங்க வாங்கின வெளிர் நிற மெராந்தி அப்படி இல்லை. வீட்டுக்குள்ள நல்லா உழைக்கிற மரம், வெளிச்சுவருக்குன்னா மருந்து ஏத்தணும். ஏத்தாத பலகையை இந்த மலையில் மழையில் நிக்க வைச்சோம். வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்ற ஊர் இது.

வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டோம். அவர் கையால் தூக்கியே சொல்றார், நமக்கு அந்தக் கை இல்லை. அதனால தராசு வைச்சோம். ஒரு அடி நீளம், 6 அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பில் காய்ஞ்ச துண்டு எடுத்தா, செங்கால் ஒரு கிலோவுக்கு மேலே நிக்கும். வெளிர் மெராந்தி அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எடை மட்டும் பார்த்து எல்லா மரத்தையும் சொல்லிட முடியாது, ஆனா இந்த ரெண்டையும் மாத்தி வித்தா மாட்டிக்குவாங்க.

பாக் சிக் இன்னொண்ணும் சொன்னார், பலகை ஈரமா இருந்திருக்கும்னு. இது எங்க தொழில் ஆச்சே, சோதிச்சுப் பார்த்தோம். இன்னொரு கடையில் "காய்ஞ்ச பலகை"ன்னு கொடுத்ததில் ஒரு துண்டு வெட்டி எடுத்தோம். எடை 412 கிராம். வீட்டம்மா தீபாவளிக்கு பிஸ்கட் சுடுற அவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைச்சு, எடை இனிமே குறையாதுங்கிற வரைக்கும் விட்டோம். 285 கிராம். போன தண்ணி 127 கிராம். பேக்டரியில் ஈரத்தை மொத்த எடைக்குக் கணக்குப் போடுவோம், கொழுந்தில் நூத்துக்கு 75க்கு மேலே, டப்பாவில் போற தூளில் 3 அளவு. மரத்தில் காய்ஞ்ச எடைக்குத்தான் கணக்கு. அப்படிப் பார்த்தா 127ஐ 285ஆல் வகுத்து, நூத்துக்கு 45க்குக் கிட்ட. அம்மா வீட்டுக்கு அடியில் கிடந்த பழைய பலகையில் அதே சோதனை செஞ்சா 16தான். பூஞ்சை பிடிக்க 20க்கு மேலே ஈரம் வேணும்னு சொல்றாங்க. 45ல இருந்து காய்ஞ்சு இறங்கும்போது பலகை சுருங்கும். 6 அங்குலப் பலகை கால் அங்குலம் சுருங்கினதை எங்க சுவரிலேயே அளந்தோம். அவன் வீட்டில் ரெண்டு நாள் மர வாசம் அடிச்சதுக்கு நாங்க வாங்கின திட்டு தனிக்கதை.

சுருங்கினதால மட்டும் பிளக்கல. பிளந்ததுக்குக் காரணம் எங்க ஆணி. மேல் பலகை கீழ்ப் பலகையை ஒரு அங்குலம் மூடுற இடத்தில், கெட்டியா இருக்கட்டும்னு ரெண்டையும் சேர்த்து ஆணி அடிச்சிருந்தோம். பலகை சுருங்கப் பார்க்குது, ஆணி விடமாட்டேங்குது, நடுவில் கிழியாம என்ன செய்யும்? ஒவ்வொரு பலகைக்கும் அதோட ஆணி மட்டும், கீழே இருக்கிற பலகையைத் தொடாம, கொஞ்சம் மேலே தள்ளி அடிக்கணும். பழைய பலகையில் ஆணி ஓட்டை சரியா அந்த இடத்தில்தான் இருந்துச்சு. பிடுங்கும்போது பார்த்திருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்கும்.

இப்படி ஒண்ணு மேல ஒண்ணு படுத்த மாதிரி பலகை வைக்கிறதுக்கு மலாய்க்காரங்க "திண்டே காசே"ன்னு பேர் வைச்சிருக்காங்க. திண்டேன்னா மேலே படியறது. காசே, நாம தெரிமா காசேல சொல்ற அதே காசே, அன்பு. சுவருக்கு இப்படி ஒரு பேரான்னு பூசாரியம்மா ரெண்டு தடவை கேட்டுச் சிரிச்சாங்க.

ஜனவரிக் கூட்டத்தில் சண்டை வராத குறை. செயலாளர் சொன்னது, மரமே வேணாம், சிமெண்டு நார்ப் பலகை போடுவோம். இத்துப்போகாது, கரையான் தின்னாது, எல்லாக் கடையிலும் ஒரே அளவில் கிடைக்குது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனா அது மெல்லிசு, முதுகுக்குச் சட்டம் நெருக்கமா வேணும். நம்ம வீட்டுச் சட்டம் ரெண்டடிக்கு ஒண்ணு. அதுக்காகப் புதுச் சட்டம் நிறுத்தினா செலவு எங்கேயோ போகுது. ஓரம் இடிபட்டா உடையும். வெட்டும்போது வர்ற தூசி நெஞ்சுக்கு ஆகாது, முகமூடி இல்லாம வெட்டக் கூடாது. கடைசியில் பேசி முடிச்சது இதுதான். சமையல்கட்டுக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டின சுவர்த் துண்டுக்கு மட்டும் அது, அங்கே மட்டும் புதுச் சட்டம். மரம் எதுவும் அந்த இடத்தில் நிக்காது. அன்பர் ஒருத்தர் 12 பலகையும் அதுக்கான சட்டமும் உபயமா கொடுத்தார். நன்றி அண்ணே.

இளைஞர் ஒருத்தர் காட்டுக்குள்ளேயே செங்கால் இருக்கும், ஆள் பிடிச்சு ஒண்ணு வெட்டிக்கலாம்னார். 1984 வனச்சட்டப்படி லைசென்ஸ் இல்லாம காட்டுல கை வைச்சா குற்றம். அம்மன் கோயிலுக்குத் திருட்டு மரமா? அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது.

பழைய பலகை வாங்கலாம்னு பாக் சிக்தான் வழி சொன்னார். பேராக்கில் ஒரு புதுக்கிராமத்தில் பலகை வீடு இடிக்கிறாங்க, கல்வீடு கட்டப் போறாங்க, பலகை விலைக்கு வரும்னார். புதுக்கிராமம்னா தெரியும்ல? அவசர காலத்தில் 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் 5 லட்சம் பேரைக் கொண்டுபோய் வேலிக்குள் வைச்ச ஊர்கள். அங்கே எழும்பினதும் நம்ம லயம் மாதிரியே பலகை வீடுதான்.

இதுக்கும் எதிர்ப்பு வந்துச்சு, அதையும் மறைக்கல. "யார் வீட்டு மரமோ, எந்த வீட்டில் என்ன நடந்துச்சோ, அதைக் கொண்டுவந்து கோயில் வீட்டில் அடிக்கிறதா?"ன்னு பெரியவங்க சிலர் கேட்டாங்க. புது வீட்டுக்குப் பழைய மரம் ஆகாதுன்னு நம்ம ஊர்ல சொல்றது வழக்கம்தான், அதை லேசா எடுத்துக்க முடியாது. குருக்களிடம் போய்க் கேட்டோம். அவர் முதல்ல கேட்டது, "விக்கிறவங்க மனசோட விக்கிறாங்களா?" ஆமாம்னோம். கருவறைக்கு வேணாம், குடியிருக்கிற வீட்டைச் செப்பனிடத் தாராளமா எடுக்கலாம், மஞ்சத் தண்ணி தெளிச்சு உள்ளே கொண்டு வாங்கன்னார். எங்க குழுவில் ஒருத்தர் தமிழ்நாட்டுக்குப் போனப்போ காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்த்ததைச் சொன்னார். செட்டியார் வீடுகள்ல இருந்து வந்த கதவு, தூண், நிலை எல்லாம் கடைகடையா விக்குதாம், பர்மாத் தேக்கு. வாங்கிட்டுப் போய் வீட்டில் வைக்கிறவங்களும் நம்ம ஆளுங்கதான். கோலாலம்பூர் ஜாலான் ஸ்டோனரில் ஒரு கெடா பலகை வீடு நிக்குது. பாழாகிக் கிடந்ததை மரபுக் காப்பு அமைப்பான படான் வாரிசான் 1990கள்ல பிரிச்சுக் கொண்டுவந்து, மறுபடி நிறுத்திச்சு. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாருங்க.

பிப்ரவரியில் போய்ப் பார்த்தோம். வீட்டுக்காரர் வயசான சீனர். அவர் பிறந்ததே அந்த வீட்டிலதானாம். நாங்க கோயிலுக்குன்னு சொன்னதும் நல்ல பலகையைத் தனியா அடுக்கச் சொன்னார். தராசைக் கையோடு எடுத்துட்டுப் போயிருந்தோம், வெட்டுத் துண்டை நிறுத்துப் பார்த்தோம், பாக் சிக்கும் தலையாட்டினார். பலகை 35 வெள்ளி, 32 பலகை. இன்னும் இருந்துச்சு, ஆனா காசு அவ்வளவுதான். மஞ்சத் தண்ணி தெளிச்சப்போ பூசாரியம்மா, "அந்த வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்"னு சொல்லிட்டுத்தான் தெளிச்சாங்க.

பலகை அடிக்கிறதுக்கு முன்னாடி பாக் சிக் ஒரு கேள்வி கேட்டார். அறுபது வருஷம் நின்ன செங்கால் இப்போ ஏன் இத்துச்சு? யாருக்கும் பதில் தெரியல. மழை பெய்றப்போ வெளியே நின்னு பார்க்கச் சொன்னார். பார்த்தோம். கூரைத் தண்ணி பிடிக்கிற பீலி பாதிக்கு மேல் இல்லை. விழுற தண்ணி சிமெண்டுத் தரையில் அடிச்சு, சுவரின் கீழ் மூணு வரிசைக்குத் தெறிக்குது. அந்தச் சிமெண்டுத் தரை முன்னே கிடையாது, புல்லும் மண்ணும்தான். 2015ல பக்தர்கள் கால்ல சேறு படக் கூடாதுன்னு நாங்கதான் போட்டோம், சுவரை ஒட்டி, சாய்வே இல்லாம. உபயம் செஞ்ச குடும்பத்துமேல ஒரு குறையும் இல்லை, சாய்வு வைக்காதது எங்க வேலை. அதாவது இத்துப்போனது கீழே மூணு நாலு வரிசையும் சில முனைகளும்தான். மத்தபடி 2021ல பிடுங்கினதில் பாதிக்கு மேல நல்ல பலகையா இருந்திருக்கணும். அதைத்தான் எரிச்சோம்.

வேலை முறை சுருக்கமா சொல்றோம், உங்க வீட்டுக்கும் உதவும். முதல்ல புதுப் பீலி போட்டோம். சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்குச் சிமெண்டை உடைச்சு எடுத்துட்டு கல் கொட்டினோம். அம்மா காப்பாத்தின 11 பலகையில் இத்துப்போன முனையை வெட்டினதும் 9 தேறிச்சு. அதையும் வாங்கின 32ஐயும் மழை அடிக்கிற இடத்துக்கு வைச்சோம். 2021 மெராந்தியில் பிளக்காம நின்னது 7. அதைச் சமமா அடுக்கி, பாரம் வைச்சு, நல்லா காயவிட்டு, கூரைக்கு நேர் கீழே நனையாத வரிசைக்குப் போட்டோம். சிமெண்டு நார்ப் பலகை 12. ஆக 60. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம்கிறதால காய்ஞ்ச நிலையில் உரசல, நனைச்சு, முகமூடி போட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தித்தான் உரசினோம். சுவரில் ஏத்துறதுக்கு முன்னாடியே நாலு பக்கமும் பெயிண்ட், முனைக்கு மூணு தடவை. மரம் தண்ணி குடிக்கிறது முனை வழியாத்தான். செங்காலில் நேரா ஆணி இறங்காது, ஓட்டை போட்டுத்தான் அடிக்கணும், துத்தநாகம் பூசின ஆணியா இருக்கணும்.

ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியல. வீட்டுக்கு அடியில் இருந்த பலகை ஒண்ணைத் திருப்பினப்போ, பின்பக்கம் கரியால் சீன எழுத்தில் எண் போட்டிருந்துச்சு. கட்டின தச்சர் வரிசைக்குப் போட்ட அடையாளமா இருக்கணும். அதுக்குக் கீழே, உள்பக்கமா இருந்த இடத்தில், ஆணியால் கீறின அ, ஆ, இ. 'ஈ' வரைக்கும் வந்து நின்னுபோச்சு. "இது என் மக கீறினது, அவ அப்பாகிட்ட அடி வாங்கினா"ன்னாங்க பூசாரியம்மா. கிள்ளான்ல இருக்கிற அதே மகள். அந்தப் பலகையை உள்பக்கம் உள்பக்கமாவே இருக்கிற மாதிரி, அவங்க படுக்கைக்குப் பக்கத்தில் அடிச்சோம். அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் இல்லை.

ஏப்ரல் 20ஆம் தேதி நிர்வாகத்திலிருந்து வந்து பார்த்தாங்க. சட்டத்தைத் தட்டிப் பார்த்தாங்க, தரையைப் பார்த்தாங்க, போயிட்டாங்க. அடுத்த வாரம் கடிதம் வந்துச்சு. வீடு இருக்கலாம், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை சோதிப்பாங்க. சரிதான். சித்திரைத் திருவிழாவுக்குப் பூ அந்த வீட்டுத் திண்ணையிலதான் கட்டினாங்க.

இந்த வருஷ வசூல் 2,780 வெள்ளி. பலகை 1,120. லோரி 400. பீலி 480. பெயிண்ட், ஆணி 390. பாக் சிக்குக்கு 300, அவர் வேணாம்னு சொன்னார், லோரி ஏறும்போது சட்டைப் பையில் வைச்சோம். மொத்தம் 2,690, மிச்சம் 90. ரசீது எல்லாம் கோயில் அலுவலகத்தில் இருக்கு, யாரும் வந்து பார்க்கலாம். 2021 ரசீதும் அதே கோப்பில் இருக்கு.

ரெண்டு வேண்டுகோள். மலையில் இன்னும் சில பேர் பலகை வீட்டில் இருக்கீங்க, இடிக்கிற யோசனையும் சில பேருக்கு இருக்கு. இடிக்கிறதா இருந்தா எரிக்காதீங்க, ஒரு போன் போடுங்க, நாங்க தராசோட வர்றோம். ரெண்டாவது, பச்சை நிறம் அடிச்ச மாதிரி இருக்கிற மருந்து ஏத்தின பலகைத் துண்டுகளைப் பொங்கல் அடுப்பிலோ யாகத்திலோ வைக்காதீங்க. அந்த மருந்தில் ஆர்சனிக் இருக்கும், புகையும் சாம்பலும் விஷம். விபூதியோட சாம்பல் கலக்கிற இடம் நம்ம இடம்.

முன்பக்கச் சுவருக்கு இன்னும் ஒரு பூச்சு பெயிண்ட் பாக்கி. வர்ற சனிக்கிழமை காலை 8 மணிக்கு கோத்தோங் ரோயோங். பிரஷ் இருக்கிறவங்க கொண்டு வாங்க, ஏணி ஒண்ணு குறையுது. மதியம் சாப்பாடு கோயில்ல. மழை வந்தா ஞாயிறு.